முப்பத்தைந்து டொலர்

வினிபெக், செல்கேர்க் அவெனியூ.
ஒரு வீட்டைக் காலிசெய்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.
கராஜ் மூலையில், பனி வாரும் சவள்களுக்குப் பக்கத்தில்
மரப்பெட்டிக்குள் கறுப்பாக இருந்தது.
"சுத்தாது" என்றான் மகன்.
"மேலே பூச்சாடி வைக்கலாம்."
சில்லைப் பிடித்துப் பார்த்தேன்.
மயிரளவும் அசையவில்லை.

முப்பத்தைந்து டொலர்.
என் ஜக்கெற்றுக்குச் சிப் மாற்ற
கடையில் கேட்டது எழுபது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
எனக்குக் கணக்குச் சரியாக வந்தது.
நிரஞ்சலாவுக்கு வரவில்லை.
"இரும்பு வாங்கியந்திருக்கிறியள்" என்றாள்,
இரவு வேலைக்குப் போனாள்.

நிலவறையில், கடை விளம்பரத் தாள்களை விரித்து
மெசினின் தலையைப் பின்னால் சரித்தேன்.
உள்ளே எல்லாம் மஞ்சள்.
பலாப்பால் காய்ந்ததுபோல
மூட்டுக்கு மூட்டுப் பிசின்.
யாரோ அவசரத்துக்குச்
சமையல் எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

மண்ணெண்ணெய் இங்கே
கூடாரமடிப்பவர்களின் தட்டில் விற்கிறது.
ஜன்னலைத் திறந்தால் மூக்கு உறையும்,
மூடினால் தலை சுற்றும்.
திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
பல்லுத்தட்டைக் கழற்றினால்
அடியில் ஒரு சாம்பல் நிறக் கம்பளம்,
பெருவிரல் தடிப்பில்.
நிரஞ்சலா புருவம் பிடுங்கும் குறட்டால்
அதை உரித்தெடுத்தேன்.
கொக்கிக்குப் பின்னால் சிவப்பு நூல்
இறுகக் கிடந்தது. பதினாறு சுற்று.
எதையோ தைக்கத் தொடங்கிய அன்றுதான்
நின்றிருக்க வேண்டும்.

லாச்சிக்குள், பொபின் தகரத்துக்கு அடியில்
ஒரு மட்டை.
எனக்கு வாசிக்க வராத எழுத்து,
இலக்கம் மட்டும் விளங்கியது.
1961, மாசி 4. மாசி 25. பங்குனி 18.
மூன்று கிழமைக்கு ஒருக்கால், பிசகாமல்,
எண்ணெய் விட்ட நாள்கள்.
1974 வைகாசியில் நிற்கிறது.
அடுத்த வரி 1976 ஐப்பசி,
வேறு பேனை, வேறு கை,
பெரிய எழுத்து, வலப்பக்கம் சரிந்து.
நடுவில் என்ன நடந்ததென்று
ஒரு கதை தைத்தேன்.
பிரித்தேன்.
இன்னொன்று தைத்தேன்.
அதையும் பிரித்துவிட்டு எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன்.

ஒரு துளைக்கு ஒரு சொட்டு.
இரண்டாவது சொட்டு ஆசை;
அது துணியில் போய்த்தான் முடியும்.
மேலே ஏழு துளை, முகத்தகட்டுக்குள் மூன்று,
கீழே எங்கெங்கே இரும்பு இரும்போடு உரசுமோ
அங்கெல்லாம்.
பிறகு காத்திருப்பு.
சில்லை வலிந்து திருப்பக் கூடாது.
திருப்பினேன். அசையவில்லை. படுத்தேன்.

மூன்றாம் நாள் விடிய, இரண்டே முக்காலுக்கு,
"க்" என்றது.
அவ்வளவுதான்.
பிறகு கால் சுற்று. அரைச் சுற்று.
ஊசி இறங்கி ஏறியது,
ஒன்றையும் குத்தாமல்.

ஏழு மணிக்கு நிரஞ்சலா வந்தாள்.
சப்பாத்தில் பனி. ஒன்றும் பேசாமல்
ஒரு விரலால் சில்லைத் தள்ளினாள்.
வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது.
"எந்தப் பக்கம் சுத்தவேணும்?"
"எங்கட பக்கம். மற்றப்பக்கம் சுத்தினா நூல் சிக்கும்."
இன்னொருக்கால் சுற்றினாள்.
சிரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.
கண் குறட்டில் போய் நின்றது.

அந்தக் கதை வேண்டாம்.

பழைய தலையணை உறையில்
ஒரு மணிநேரம் வெறுந்தையல்,
எண்ணெய்க் கறை வருவது நிற்கும்வரை.
பிறகு சிப்.
ஜக்கெற்றின் நாலு மடிப்பையும்
முனகாமல் துளைத்துப் போனது;
கோணியது என் கை.

மட்டையில் அன்றைய திகதியை எழுதப் போனேன்.
பேனை பிடிக்கவில்லை, வழுக்கியது.
அத்தனை வருட எண்ணெய் ஊறிய மட்டை.
ஊசி முனையால் கீறிவைத்தேன்.
வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் தெரியும்.

இப்போது பதினெட்டாம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
சிப்பின் ஒரு கரை மற்றதைவிட
அரை அங்குலம் உயரம்.
இந்தக் குளிரில் யார் பார்க்கிறார்கள்?
கழுத்தருகில் மட்டும் கொஞ்சம் இறுக்கம்.
மெழுகுதிரி தேய்த்தால் சரிவரும்.